கை படாத ஆய்வுக்கூடம்: திரை வழியே அறிவியல் படிக்கும்போது மனசுல என்ன நடக்குது?

மாசாயில் இருக்கும் என் சித்தி மகள் 2022 பிப்ரவரியில் எனக்கு ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு அனுப்பினாள். எஸ்பிஎம் வேதியியல் செய்முறைத் தேர்வுக்குப் பள்ளியில் பயிற்சி நடந்துகொண்டிருந்த நேரம். பியூரெட்டின் அடியில் இருக்கும் அந்தச் சின்னத் திருகைப் பிடித்ததும் அவளுக்குக் கை நடுங்கிவிட்டதாம்.

"அக்கா, வீடியோல இதையே இருபது தடவ பாத்திருக்கேன். இளஞ்சிவப்பு எப்ப மறையும்னுகூட எனக்குத் தெரியும். ஆனா கை கேக்கல லா."

படிப்பில் அவள் பின்தங்கியவள் இல்லை. பயந்தாங்கொள்ளியும் இல்லை. 2020இல் அவள் நான்காம் படிவம். அந்த ஆண்டு மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகளை மூடினார்கள், திறந்தார்கள், நவம்பரில் மறுபடி மூடினார்கள். 2021லும் அதே கதை. அக்டோபரில்தான் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள்.

அவள் வயதுப் பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் காத்திருந்தது. கேஎஸ்எஸ்எம் பாடத்திட்டத்தில் எஸ்பிஎம் எழுதிய முதல் அணி அவர்கள்தான். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் மூன்றாம் தாள், கையால் செய்து காட்டும் தேர்வாக மாறியதும் அந்த அணிக்குத்தான். இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தைத் திரையில் மட்டுமே பார்த்த பிள்ளைகளிடம், 'இப்ப கையால செஞ்சு காட்டு' என்றது தேர்வு.

'கோவிட் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?' என்று நீங்கள் கேட்கலாம். வகுப்புகள் நேரடிக்குத் திரும்பின. ஆனால் ஆய்வுக்கூடத்தைத் திரைக்குள் கொண்டுவரும் யோசனை திரும்பிப் போகவில்லை. கருவிகள் விலை அதிகம், இடம் குறைவு, மாணவர்கள் அதிகம். இந்த மூன்றும் இருக்கும்வரை அந்த யோசனையும் இருக்கும். அதில் மதிப்பெண் எப்படி வருகிறது என்று ஆராய்ந்தவர்கள் நிறைய. பிள்ளைகளின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

எதைத்தான் 'தொலைநிலை ஆய்வுக்கூடம்' என்கிறோம்?

மூன்று வேறு விஷயங்களை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது காணொளி. யாரோ செய்கிறார், நாம் பார்க்கிறோம். இரண்டாவது சிமுலேஷன். திரையில் நாமே செய்கிறோம், ஆனால் அந்தப் பக்கம் கருவி என்று எதுவும் இல்லை, ஒரு கணினி நிரல்தான் பதில் சொல்கிறது. மூன்றாவதுதான் உண்மையான தொலைநிலை ஆய்வுக்கூடம். கருவி நிஜம், அது ஏதோ ஓர் அறையில் நிஜமாகவே இருக்கிறது, நீங்கள் இங்கிருந்து பொத்தானை அழுத்தினால் அது அங்கே அசைகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1994இலேயே மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஓர் இயந்திரக் கையை இணையத்தில் இணைத்து, உலகின் எந்த மூலையிலிருந்தும் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்று விட்டது. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்ஐடி, டிரான்சிஸ்டர் அளவீடு செய்யும் கருவியைத் தன் மாணவர்களுக்கு இணைய வழியாகத் திறந்தது. அந்தத் திட்டம் ஐலேப் என்ற பெயரில் பிறகு ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரை போனது. சுவீடனின் பிளெக்கிங்கே கல்வி நிலையத்தில் உருவான 'விசிர்' இன்னும் சுவாரஸ்யம். திரையில் ஒரு பிரெட்போர்டு படம் தெரியும். நீங்கள் மவுஸால் ஒயரை இழுத்து மாட்டினால், சுவீடனில் இருக்கும் பெட்டிக்குள் ரிலேக்கள் திறந்து மூடி, நிஜ மின்தடைகளை நிஜமாகவே இணைக்கும்.

நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஐஐடி பம்பாய். அங்கே பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யாவின் குழு செய்தது ஒரு கையடக்கப் பெட்டி. உள்ளே ஓர் உலோகத் தகடு, அதைச் சூடாக்கும் கம்பிச்சுருள், குளிர்விக்க ஒரு மின்விசிறி, ஒரு வெப்ப உணரி. அவ்வளவுதான். வேறு ஊரில் இருக்கும் பொறியியல் மாணவர் நேரம் பதிவு செய்துகொண்டு, தன் வீட்டிலிருந்தே அந்தத் தகட்டின் வெப்பத்தைக் கட்டுப்படுத்திப் பார்க்கலாம். இரவு 2 மணிக்கும் செய்யலாம். பெட்டிக்குத் தூக்கம் கிடையாது.

என் சித்தி மகளுக்குக் கிடைத்தவை முதல் இரண்டு வகை மட்டும்தான். மூன்றாவது வகை என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அது கிடைத்திருந்தால் அவள் கை நடுங்காமல் இருந்திருக்குமா? எளிதில் 'ஆமாம்' சொல்லிவிட முடியாது.

பயம் ஒன்றல்ல, ஐந்து

1999இல் கிரெய்க் போவன் என்ற அமெரிக்க ஆய்வாளர், கல்லூரி மாணவர்களுக்கு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வரும் பதற்றத்தை அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார். அவர் அந்தப் பதற்றத்தை ஐந்தாகப் பிரித்தார்: ரசாயனங்களோடு வேலை செய்வது, கருவிகளையும் செய்முறையையும் கையாள்வது, அளவீடுகளைச் சேகரிப்பது, மற்ற மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்வது, நேரம் போதுமா என்ற கவலை.

இந்த ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு திரை ஆய்வுக்கூடத்தைப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

முதல் பயம் போய்விடுகிறது. அமிலம் தெறிக்காது, கண்ணாடிக் குடுவை உடையாது, பன்சன் அடுப்பை ஏற்றும்போது அந்த 'புஃப்' சத்தத்துக்குக் குதிக்க வேண்டியதில்லை. நான் நான்காம் படிவத்தில் முதல் தடவை அதை ஏற்றியபோது தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. திரையில் படிப்பவருக்கு அந்த அவமானம் இல்லை. ஆய்வுக்கூடம் என்றாலே ஒதுங்கும் மாணவர்களுக்கு இது பெரிய விடுதலை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். தவறு செய்து, அழித்து, மறுபடி செய்து, யாரும் பார்க்காமல் கற்றுக்கொள்ளலாம்.

இரண்டாவது பயம் போவதில்லை, ஒத்திவைக்கப்படுகிறது. பியூரெட் திருகை எவ்வளவு திருப்பினால் ஒரே ஒரு சொட்டு விழும் என்பது விரலுக்குத் தெரிய வேண்டிய விஷயம். கண் எத்தனை தடவை பார்த்தாலும் விரலுக்குப் போய்ச் சேராது. 'கை கேக்கல லா' என்று அவள் சொன்னது இதைத்தான்.

மூன்றாவது, அளவீடு. இங்கே ஒரு விசித்திரம் நடக்கிறது. நேரடி ஆய்வுக்கூடத்தில் எண் தப்பாக வந்தால் 'நான் எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்' என்று நினைப்போம். சிமுலேஷனில் எண் தப்பாகவே வராது. தொலைநிலைக் கருவியில் தப்பாக வந்தால் முதலில் திட்டுவது இணையத்தை. 'லைன் சரியில்ல.' அளவு ஏன் விலகியது என்று யோசிக்கும் வேலை அங்கேயே நின்றுவிடுகிறது.

நான்காவது, கூட வேலை செய்வோர். இதை அப்புறம் பார்ப்போம், அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

ஐந்தாவது பயம், நேரம். இது குறைவதற்குப் பதில் கூடிவிடுகிறது. பதிவு செய்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அடுத்தவர் வரிசையில் காத்திருப்பார். பொத்தானை அழுத்துகிறீர்கள், 3 விநாடி எதுவும் நடக்கவில்லை. மறுபடி அழுத்துகிறீர்கள். இப்போது கருவி இரண்டு தடவை நகர்கிறது. அந்த 3 விநாடியில் வயிற்றுக்குள் ஓடும் பட்டாம்பூச்சிக்கு எந்தப் பாடநூலிலும் பெயர் இல்லை.

பயத்தோடு போனது வேறு என்ன?

ஜெர்மானிய உளவியலாளர் ரைன்ஹார்ட் பெக்ரூன் 2006இல் விரிவாக முன்வைத்த ஒரு கோட்பாடு இங்கே உதவும். படிக்கும்போது நமக்கு வரும் உணர்ச்சி இரண்டு கேள்விகளைப் பொறுத்தது என்கிறார் அவர். இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? இது எனக்கு முக்கியமா? முக்கியம், ஆனால் கட்டுப்பாடு போதவில்லை என்றால் பதற்றம். முக்கியம், கட்டுப்பாடும் இருக்கிறது என்றால் மகிழ்ச்சி. முக்கியமே இல்லை என்றால் சலிப்பு.

திரை ஆய்வுக்கூடத்தில் பலரும் சொல்லும் குறை பயம் இல்லை, 'போர் அடிக்குது'. அதன் காரணத்தை இந்தக் கோட்பாட்டை வைத்து இப்படிப் புரிந்துகொள்ளலாம்: தப்பு செய்தால் எதுவும் ஆகாது என்றால், சரியாகச் செய்தாலும் எதுவும் ஆகாத மாதிரிதான் இருக்கும். குடுவை உடையாத இடத்தில், உடையாமல் பார்த்துக்கொண்ட பெருமையும் இல்லை.

அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தில் (ஒஹாயோ மாநிலத்தில் இருப்பது, ஃபுளோரிடா நகரம் இல்லை) ஸ்டேசி பிரெட்ஸ் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வேதியியல் ஆய்வுக்கூட மாணவர்களின் உணர்வுகளை நேர்காணல் வழியாகக் கேட்டது. ஆய்வுக்கூடத்தில் தங்களுக்கு எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது, எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்று மாணவர்கள் நினைப்பதைச் சுற்றித்தான் அந்த உணர்வுகள் அமைந்திருந்தன. அது நேரடி ஆய்வுக்கூடத்தைப் பற்றிய ஆய்வு. ஆனால் திரைக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம். இந்த முடிவு என்னால் வந்ததா, நானே வந்திருக்காவிட்டாலும் வந்திருக்குமா?

'அந்தப் பக்கம் நிஜமா ஏதாவது இருக்கா?'

இந்தக் கேள்வியை நேராகச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2013இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் கதிரியக்கம் தூரத்தோடு எப்படிக் குறைகிறது என்று அளந்தார்கள். ஒரு தரப்பு பயன்படுத்தியது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த நிஜக் கருவி. இன்னொரு தரப்புக்குச் சிமுலேஷன். இரு தரப்பும் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நிஜக் கருவியை இயக்கியவர்களுக்கு ஈடுபாடு கூடுதல், உண்மையான ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள்.

கவனியுங்கள், இரண்டு தரப்பும் பார்த்தது ஒரு திரையைத்தான். வித்தியாசம், அந்தப் பக்கம் ஒரு பொருள் நிஜமாக இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும்.

மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் யூவன் லிண்ட்சேயும் மால்கம் குட்டும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கொஞ்சம் சிக்கலான பதிலைத் தருகிறது. ஒரே சோதனையை நேரடியாக, தொலைவிலிருந்து, சிமுலேஷனில் என மூன்று விதமாகச் செய்ய வைத்தார்கள். சில திறன்கள் தள்ளி இருந்து செய்யும்போது மேம்பட்டன, சில குறைந்தன. எதற்காக இந்தச் சோதனையைச் செய்தோம் என்று மாணவர்கள் நினைத்ததே வழிக்கு வழி மாறியது. ஆக, 'நேரடிதான் உசத்தி, திரை மட்டம்' என்ற பழைய பாட்டும் சரியில்லை, 'எல்லாம் ஒண்ணுதான்' என்ற விளம்பரமும் சரியில்லை.

பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தை நினைத்துப் பாருங்கள். 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது அறிவியல் பாடத்துக்கு வீட்டுக்கே ஒரு சோதனைப் பெட்டியை அஞ்சலில் அனுப்பியது. சமையலறை மேசையில் ஆய்வுக்கூடம். இன்று அதே பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவில் மலைமேல் இருக்கும் தொலைநோக்கியை வீட்டிலிருந்து இயக்குகிறார்கள். அங்கே மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். ராத்திரி முழுக்க மேகம் விலகாவிட்டால் அன்றைய வேலை போச்சு. கடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் 'அந்தப் பக்கம் நிஜமா ஒரு வானம் இருக்கு' என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறென்ன? சிமுலேஷனில் மேகம் உங்களுக்காக விலகிவிடும்.

மாசாய் பிள்ளைகளுக்கு இதில் தனியாக என்ன இருக்கு?

நிறைய. மாசாய்க்குப் பக்கத்தில்தான் பாசிர் கூடாங், துறைமுகமும் ரசாயன ஆலைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் நிறைந்த ஊர். இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு 'ரசாயனம்' என்ற சொல் பாடநூலில் மட்டும் அறிமுகமாகவில்லை.

2019 மார்ச் 7ஆம் தேதி சுங்கை கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டியதில் நச்சுக் காற்று பரவியது. முதலில் பாதிக்கப்பட்டவர்கள் தாமான் பாசிர் பூத்தே பகுதிப் பள்ளி மாணவர்கள். வகுப்பறையில் இருந்த பிள்ளைகளுக்கு வாந்தி, மூச்சுத்திணறல். மார்ச் 13ஆம் தேதி வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூடக் கல்வியமைச்சு உத்தரவிட்டது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 2,700க்கும் மேல். ஜூன் மாதம் மறுபடி மூச்சுத்திணறல், மறுபடி பள்ளி மூடல். அப்போது என் சித்தி மகள் மூன்றாம் படிவம். அடுத்த ஆண்டு அறிவியல் பாடங்களை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டிய வயசு.

அந்தச் சம்பவத்தால் இத்தனை பேர் அறிவியலை விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் போவனின் ஐந்தில் முதலாவதான ரசாயனப் பயத்துக்கு இந்த ஊரில் ஒரு தேதி இருக்கிறது. பென்சீன், டொலுயீன் என்ற பெயர்களைப் பல பிள்ளைகள் கரிம வேதியியல் பாடத்துக்கு முன்பே செய்தியில் கேட்டார்கள். இப்படிப்பட்ட மாணவரை மெல்ல மெல்லப் பழக்க, ஆபத்தில்லாத திரை நல்ல தொடக்கம்தான். அங்கேயே நிறுத்திவிட்டால் பயம் தீராது, தள்ளி மட்டும் போகும். பொருளைத் தொட்டு, கையுறை போட்டு, கண்ணாடி மாட்டி, 'இதை நான் பத்திரமா கையாள முடியும்' என்று உடம்பு உணரும்போதுதான் அந்த முடிச்சு தளர்கிறது என்பது என் எண்ணம்.

இதே ஊரில்தான் தொலைநிலை ஆய்வுக்கூடத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. இன்றைய ரசாயன ஆலையில் பெரும்பாலான வேலை குழாய்க்குப் பக்கத்தில் நின்று நடப்பதில்லை. கட்டுப்பாட்டு அறையில் வரிசையாகத் திரைகள். தள்ளி எங்கோ இருக்கும் ஒரு வால்வைத் திரையிலிருந்து திறக்கிறார்கள், மூடுகிறார்கள். மணம் தெரியாது, சத்தம் கேட்காது, எண் மட்டும் ஏறும் இறங்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு கொதிகலன் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கலாம் என்று எட்டு மணி நேரமும் நம்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அந்த வேலையின் மனப்பாரம்.

அப்படிப் பார்த்தால், தொலைநிலை ஆய்வுக்கூடம் நேரடிக்கு ஏழை வீட்டு மாற்று இல்லை. தள்ளி இருக்கும் பொருளை நிஜமென்று நம்பி அதற்குப் பொறுப்பேற்பதைப் பழக்கும் இடமாக அது இருக்க முடியும். பாசிர் கூடாங்கிலும் பெங்கெராங்கிலும் வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகளுக்கு இது ரொம்பவே தேவையான பழக்கம். ஆனால் இப்போது பள்ளிகளுக்குக் கிடைக்கும் திரைப் பயிற்சிகளில் பெரும்பாலும் தப்பே நடக்காது, எதுவும் கெட்டுப்போகாது, யாரும் கேட்கமாட்டார்கள். அவை பழக்குவது நேர் எதிரான ஒன்றை: திரையில் வருவது வெறும் திரைதான் என்ற எண்ணத்தை.

வீட்டில் யாருடைய போன்?

2020 ஏப்ரலில் கல்வியமைச்சு ஒரு கணக்கெடுப்பின் முடிவை வெளியிட்டது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் சாதனமும் இல்லை. மடிக்கணினி இருந்தது சுமார் 9 விழுக்காட்டினரிடம்தான், விவேகக் கைப்பேசி இருந்தது 46.5 விழுக்காட்டினரிடம். பிறகு செர்டிக் திட்டத்தில் 1,50,000 மடிக்கணினிகள் வழங்கப்படும் என்று 2021 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

கைப்பேசியில் ஒரு தொலைநிலைக் கருவியை இயக்கிப் பாருங்கள், விரல் நுனியைவிடச் சின்னதாக இருக்கும் பொத்தான். அந்தப் போனும் அம்மாவுடையது. அப்பா வேலை முடிந்து வரும் நேரத்தில் வீட்டில் டிவி ஓடும், தம்பிக்கும் இயங்கலை வகுப்பு இருக்கும். 'கவனம் சிதறுது' என்று ஆசிரியர் எழுதும் குறிப்புக்குப் பின்னால் இருப்பது சோம்பல் இல்லை, ஒரு மாடித் தொடர்வீட்டின் வரவேற்பறை.

மொழியும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்த பிள்ளை, முதலாம் படிவத்தில் மலாய்க்கு மாறுகிறது. நேரடி ஆய்வுக்கூடத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் பக்கத்து மேசையைப் பார்த்தால் போதும், அவள் எந்தக் குடுவையை எடுக்கிறாள் என்று தெரிந்துவிடும். திரையில் பக்கத்து மேசை இல்லை. ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி மட்டும் சிவப்பில் வரும்.

பக்கத்து மேசை

நான்காவது பயத்தை அப்புறம் பார்ப்போம் என்றேன் இல்லையா? மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது சிலருக்குப் பதற்றம்தான். எல்லாக் கருவியையும் ஒருத்தனே தொடுவான், மற்ற மூன்று பேரும் குறிப்பு எழுதுவார்கள். அந்த மூன்றில் பெண் பிள்ளைகள் அதிகம் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை, உங்கள் வகுப்பை நினைத்துப் பார்த்தாலே போதும். திரை ஆய்வுக்கூடம் இந்த அநியாயத்தை ஓரளவு சரி செய்கிறது. கட்டுப்பாடு உங்கள் கையில், பறிக்க ஆள் இல்லை.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் நாம் கற்றதில் பாதி அரட்டையில் வந்தது. 'ஏய், உனக்கு எவ்வளவு வந்துச்சு?' என்ற ஒரு கேள்வியில்தான் நம் எண் சரியா என்று தெரியும். இரண்டு பேருக்கும் தப்பாக வந்தால் அதுவே ஒரு நிம்மதி. தனியாகத் திரை முன் உட்கார்ந்திருப்பவருக்குத் தப்பு வந்தால், அது தன் முட்டாள்தனம் என்றே தோன்றும்.

தென் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நெட்லேப், பல மாணவர்கள் ஒரே நேரத்தில் ஒரே நிஜக் கருவியை இயக்கவும், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் வழி செய்தது. வேறு வேறு ஊர்களில் இருப்பவர்கள் ஒரே சுற்றைச் சேர்ந்து இணைத்தார்கள். தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிய விஷயம் இல்லை. ஒரு பக்கத்து மேசையைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதுதான் பெரிய விஷயம்.

என்ன கேட்கலாம், யாரிடம் கேட்கலாம்?

உங்கள் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஒரு தொலைநிலை ஆய்வுக்கூடத்தைத் தந்தால், முதலில் கேட்க வேண்டியது 'அந்தப் பக்கம் கருவி இருக்கா, நிரலா?' என்பதுதான். இரண்டும் பயன்தரும், ஆனால் எது என்று தெரியாமல் செய்வது நம்பிக்கையைக் கெடுக்கும். கருவி நிஜம் என்றால் கேமரா நேரலையில் இருக்க வேண்டும். அறையின் இரைச்சல்கூடக் கேட்டால் நல்லது. பிறகு, தப்பான அளவை மறைக்காமல் அறிக்கையில் எழுத அனுமதி உண்டா, அதற்கு மதிப்பெண் குறையுமா என்று கேளுங்கள். தப்பைத் துடைத்துவிட்டு அழகான வரைபடம் கொடுத்தால்தான் மதிப்பெண் என்றால், அந்த ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் பொறுப்பு வராது.

நேரில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்பதும் முக்கியம். சென்னை ஐஐடி 2023இல் தொடங்கிய மின்னணுவியல் பிஎஸ் பட்டம் பெரும்பகுதி இயங்கலையில்தான் நடக்கிறது. அதுவே ஆய்வுக்கூடப் பாடங்களுக்கு மாணவர்களைச் சென்னை வளாகத்துக்கு வரச் சொல்கிறது. இயங்கலைக் கல்வியில் அவ்வளவு தூரம் போனவர்களே கையை விட்டுக்கொடுக்கவில்லை.

மாசாய்க்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி உண்டு. பண்டார் ஸ்ரீ ஆலாமில் யூனிகேஎல் மைடெக் இருக்கிறது, யூஐடிஎம் பாசிர் கூடாங் வளாகமும் அங்கேதான். பக்கத்திலேயே இப்ராஹிம் சுல்தான் பாலிடெக்னிக். மூன்றிலும் பொறியியலோ தொழில்நுட்பமோ கற்பிக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தைத் திறந்து, மற்ற நாள்களில் அதே கருவிகளைத் திரை வழியே இயக்க விட்டால் என்ன? நேரில் தொட்ட கருவியைப் பிறகு திரையில் பார்க்கும்போது அது வெறும் படமாகத் தெரியாது. இது என் ஆசைதான், யாரும் அறிவித்த திட்டம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்ப்பதற்குச் செலவு இல்லை.

என் சித்தி மகள் அந்தச் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டாள். பயிற்சியில் முதல் தடவை ஒரே சொட்டுக்குப் பதில் ஒரு ஒழுக்கே விட்டுவிட்டாளாம். குடுவையைக் கழுவிவிட்டு மறுபடி செய்திருக்கிறாள். பிறகு டிப்ளோமாவில் சேர்ந்தாள். படிப்பு முடியும் கட்டத்தில் பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் பயிற்சிக்குப் போனாள். முதல் வாரம் அவளை எந்தத் திரையையும் தொட விடவில்லையாம். மூத்த ஊழியர் ஒருவர் தலைக்கவசம் மாட்டிவிட்டு, வெயிலில் நடத்திக் கூட்டிப்போய், திரையில் அவள் பார்க்கப்போகும் வால்வுகளை ஒவ்வொன்றாகக் காட்டினாராம்.

"ஒண்ண தொட்டுப் பாக்கச் சொன்னாரு அக்கா. சூடா இருந்துச்சு."